கரண்ட் இல்லாத ஊரில் கத்தரிக்காய் வாடாமல் இருக்க...

2012ஆம் ஆண்டைத் தமிழ்நாட்டில் யாரும் லேசில் மறந்திருக்க மாட்டார்கள். சென்னை நகரத்துக்குள் தினம் இரண்டு மணி நேர மின்வெட்டு. நகர எல்லையைத் தாண்டினால் கணக்கே வேறு. அந்த ஆண்டின் பிற்பகுதியில் ஒரு நாளில் பாதி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லாத ஊர்கள் மாவட்டங்களில் நிறைய இருந்தன. கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் ஆலைகளும் கம்பி இழுக்கும் ஆலைகளும் ஏராளம். கரண்டைச் சாப்பாடு மாதிரி சாப்பிடும் தொழில் அது. பெரிய ஆலைகளுக்கு 2008 கடைசியிலிருந்தே தனி மின்வெட்டு அமலில் இருந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், தமிழ்நாட்டின் கரண்டில் ஒரு நல்ல பங்கு உற்பத்தியாவதே திருவள்ளூர் மாவட்டத்தில்தான். அத்திப்பட்டில் வடசென்னை அனல் மின் நிலையம் 1990களின் நடுவிலிருந்து ஓடுகிறது. பெயரில்தான் சென்னை, இருப்பது திருவள்ளூரில். பக்கத்திலேயே வல்லூர் அனல் மின் நிலையம், 1500 மெகாவாட். அதன் முதல் அலகு உற்பத்திக்கு வந்தது அதே 2012இல். சாம்பல் இங்கே, வெளிச்சம் அங்கே!

கரண்ட் போனால் மின்விசிறி நிற்கும், டிவி நிற்கும். அதெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். ஃப்ரிட்ஜ் நின்றால் பொருள் நஷ்டம். நாலைந்து மணி நேரம் கரண்ட் இல்லாத ஃப்ரிட்ஜ் வெறும் பீரோதான். சொல்லப்போனால் பீரோவை விட மோசம், ஏனென்றால் உள்ளே காற்றே போகாது. கீரை அழுகும், தக்காளி ஒழுகும். ஃப்ரிட்ஜே இல்லாத வீடுகளுக்கு இது புதிய கஷ்டம் இல்லை, தினசரிக் கஷ்டம். (அரசாங்கம் 2006இல் கலர் டிவி கொடுத்தது. 2011இல் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி கொடுத்தது. ஃப்ரிட்ஜ் மட்டும் எந்தத் தேர்தல் அறிக்கையிலிருந்தும் வீட்டுக்கு வந்து சேரவில்லை.)

அந்த நாட்களில் பலருக்கும் ஞாபகம் வந்த பொருள் மண்பானை. "அந்தக் காலத்துல இதெல்லாம் ஏது? பானையிலேயே எல்லாத்தையும் வெச்சிருந்தோம்" என்று பாட்டிமார் சொல்வது வழக்கம். அது எவ்வளவு தூரம் உண்மை?

பாதி உண்மை. தமிழ்நாட்டில் பானை இல்லாத வீடு கிடையாது. திருவள்ளூரை அடுத்த பட்டரைப்பெரும்புதூரில் 2015-16இல் தமிழகத் தொல்லியல் துறை அகழாய்வு செய்தபோது கறுப்பு சிவப்பு மட்பாண்ட ஓடுகளும் சுடுமண் உறைகிணறும் வெளிப்பட்டன. ஆக, கொசஸ்தலை ஆற்றங்கரையில் மண்ணைச் சுட்டுத் தண்ணீருக்குப் பயன்படுத்துவது இரண்டாயிரம் வருடப் பழக்கம். நெல்லுக்குக் குதிர், புளிக்கும் உப்புக்கும் சால், தயிருக்குக் கலயம், குடிக்கத் தண்ணீருக்குப் பானை, பயணத்துக்கு மண்கூஜா என்று எல்லாவற்றுக்கும் ஒரு மண்பாண்டம் இருந்தது.

ஆனால் காய்கறியைப் பானைக்குள் வைத்துப் பாதுகாப்பது பரவலான பழக்கமாக இருந்ததில்லை. தேவையும் இல்லை. கொல்லையில் பறித்த கத்தரிக்காய் அன்றைக்கே குழம்பாகிவிடும். மிஞ்சினால் வற்றல், இல்லாவிட்டால் ஊறுகாய். சுண்டைக்காய், கொத்தவரங்காய், மணத்தக்காளி, மோர்மிளகாய் எல்லாமே வெயிலைக் கொண்டு வெயிலை ஜெயித்த வழிகள்தான். காய்கறியைப் 'புதிதாகவே' ஒரு வாரம் வைத்திருக்க வேண்டும் என்ற ஆசை, சந்தை தூரமாகிப்போன பிறகு வந்தது. சம்பளத்துக்கு வேலை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் லீவு, வாரத்துக்கு ஒரு முறை காய்கறி... இது ஆலைத் தொழிலாளியின் வாழ்க்கை.

இருந்தாலும் ஒரு சின்ன முன்மாதிரி நம் வீடுகளிலேயே இருந்தது. தண்ணீர்ப் பானையைத் தரையில் அப்படியே வைக்க மாட்டார்கள். ஒரு மூலையில் ஆற்று மணலைப் பரப்பி அதன்மேல் வைப்பார்கள். பானையிலிருந்து கசியும் நீரில் மணல் எப்போதும் ஈரமாக இருக்கும். அந்த ஈர மணலை ஒட்டி எலுமிச்சம்பழம், கறிவேப்பிலை, கொத்தமல்லிக் கட்டு, வெற்றிலை என்று வைப்பது உண்டு. சந்தையில் கீரை விற்பவர்கள் இன்றும் ஈரச்சாக்கு போட்டு மூடுகிறார்கள். பானை, ஈர மணல், ஈரச்சாக்கு. இந்த மூன்றையும் ஒன்றுசேர்த்தால் வருவதுதான் இப்போது 'பானைக்குள் பானை' என்று உலகம் முழுக்கப் பேசப்படும் குளிர்ப்பெட்டி.

அது எப்படி வேலை செய்கிறது என்பது எட்டாம் வகுப்புப் பாடம்தான். தண்ணீர் ஆவியாக வேண்டுமென்றால் வெப்பம் வேண்டும். ஒரு கிலோ தண்ணீர் சாதாரண அறை வெப்பத்தில் ஆவியாகச் சுமார் 2400 கிலோஜூல் தேவை. அதைச் சுற்றியிருக்கும் பொருளிடமிருந்து எடுத்துக்கொள்ளும். மண்பானையின் சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருப்பதால் தண்ணீர் கசிந்து வெளிப்பரப்புக்கு வந்து ஆவியாகிறது, பானை குளிர்கிறது. பளபளவென்று மெருகு பூசிய பீங்கான் ஜாடியில் இது நடக்காது. பெயின்ட் அடித்த பானையிலும் நடக்காது. உப்புத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தால் ஓரிரு வருடத்தில் துளைகள் அடைத்துக்கொள்ளும். கோடைக்குக் கோடை புதுப்பானை வாங்கும் வழக்கம் வெறும் சம்பிரதாயம் இல்லை.

இந்தியாவில் இந்த அறிவு பானைத் தண்ணீரோடு நிற்கவில்லை. 1775இல் சர் ராபர்ட் பார்க்கர் என்ற ஆங்கிலேயர், அலகாபாத் பக்கம் ஐஸ் தயாரிப்பதை நேரில் பார்த்து லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். தரையில் பள்ளம் தோண்டி, அதில் கரும்புச் சக்கையையும் வைக்கோலையும் பரப்பி, அதன்மேல் மெருகு பூசாத சின்னச் சின்ன மண் தட்டுகளில் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரை ஊற்றி வைப்பார்கள். குளிர்கால இரவில், காற்று உறைநிலைக்கு மேலே இருக்கும்போதே, தட்டுகளில் மெல்லிய ஐஸ் படிந்திருக்கும். விடிவதற்கு முன் சுரண்டி எடுத்துக் குழிக்குள் சேமிப்பார்கள். தெளிந்த வானத்தை நோக்கி வெப்பம் வெளியேறுவதும், மண் தட்டு வழியே நீர் ஆவியாவதும் சேர்ந்து செய்த வேலை இது. உலர்ந்த வட இந்தியக் குளிர்கால இரவு இல்லாவிட்டால் இது நடக்காது.

அதற்கும் முன்பே அக்பர் அரண்மனையில் வெடியுப்பைத் தண்ணீரில் கரைத்து, அந்தக் குளிர்ச்சியில் குடிநீரைக் குளிரவைத்தார்கள் என்று அபுல் ஃபசல் எழுதியிருக்கிறார். துப்பாக்கி மருந்துக்கான அதே வெடியுப்புதான்! கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்தில் இருக்கும் பழவேற்காட்டில் 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் வெடிமருந்துத் தொழிற்சாலையே வைத்திருந்தார்கள். அங்கே வந்த வெடியுப்பு யாருடைய தண்ணீரையும் குளிரவைக்கவில்லை, பத்தேவியா வரைக்கும் பீரங்கிக்குத்தான் போனது.

சென்னைக்கு வந்த ஐஸின் கதை இன்னும் விசித்திரம். பாஸ்டன் வியாபாரி ஃபிரெடரிக் டியூடர் என்பவர், அமெரிக்க ஏரிகளில் குளிர்காலத்தில் உறையும் ஐஸை அறுத்து, மரத்தூளில் புதைத்துக் கப்பலில் உலகம் முழுக்க விற்றவர். 1833இல் அவருடைய முதல் கப்பல் கல்கத்தாவுக்கு வந்தது. ஏற்றிய 180 டன்னில் சுமார் 100 டன் உருகாமல் மிஞ்சியது. நாலு மாதக் கடல் பயணத்துக்குப் பிறகு! சென்னையில் ஐஸைச் சேமிக்க 1842இல் கடற்கரையை ஒட்டி ஒரு கட்டடம் எழும்பியது. அதுதான் ஐஸ் ஹவுஸ். தோரோவின் 'வால்டன்' புத்தகத்தில் தன் குளத்து நீரை மதராஸ்காரர்கள் குடிப்பதைப் பற்றி ஒரு இடம் வருகிறதே, அது இந்த வியாபாரத்தைப் பற்றியதுதான்.

அந்த ஐஸ் யாருக்குக் கிடைத்தது என்று சொல்லத் தேவையில்லை. வெள்ளைக்காரர்களின் மதுக்கோப்பைக்கும், வசதி படைத்தவர்களின் விருந்துக்கும், மருத்துவமனைக்கும் போனது. மற்றவர்களுக்கு மண்பானை. 1874இல் சென்னையிலேயே இன்டர்நேஷனல் ஐஸ் கம்பெனி இயந்திரத்தில் ஐஸ் தயாரிக்க ஆரம்பித்ததும் பாஸ்டன் வியாபாரம் சில வருடங்களில் படுத்துவிட்டது. கட்டடம் பிலிகிரி ஐயங்கார் என்ற வக்கீல் கைக்குப் போனது. 1897இல் விவேகானந்தர் அங்கே தங்கினார், இன்று அது விவேகானந்தர் இல்லம். பாஸ்டன் ஐஸ் போய்ச் சேர்ந்து ஒன்றரை நூற்றாண்டு ஆகப்போகிறது. பக்கத்து மயிலாப்பூரில் கோடை வந்தால் இன்னும் மண்பானை விற்கிறார்கள்.

இந்தியாவிலேயே செய்த முதல் ஃப்ரிட்ஜ் 1958இல் கோத்ரெஜ் கம்பெனியிலிருந்து வந்தது. அதற்குப் பிறகு பானையைப் பற்றி ஆராய்ச்சிக்காரர்கள் யோசிக்க இருபது வருடத்துக்கு மேல் ஆனது. 1980களின் ஆரம்பத்தில் டெல்லியில் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த சுசாந்த ராயும் குர்டியாவும் ஒரு குளிர் அறையை வடிவமைத்தார்கள். இரட்டைச் செங்கல் சுவர். இரண்டு சுவருக்கும் நடுவே 7.5 சென்டிமீட்டர் இடைவெளி, அதில் ஆற்று மணல். மேலே மூங்கிலும் வைக்கோலும் கோணிச்சாக்கும் வைத்த மூடி, எல்லாவற்றுக்கும் மேலே வெயில் படாமல் ஒரு கொட்டகை. காலையும் மாலையும் மணலை நனைத்தால் போதும். சுமார் 100 கிலோ காய்கறி பிடிக்கும். டெல்லிக் கோடையில் வெளியே இருப்பதை விட 10 முதல் 15 டிகிரி வரை குறைவு, உள்ளே ஈரப்பதம் 90 சதவீதம் பக்கம். கொத்தனார் கூடத் தேவையில்லை, விவசாயியே அடுக்கிக்கொள்ளலாம். இவ்வளவு சுலபமான ஒன்று ஏன் ஊர் ஊராகப் பரவவில்லை என்பது விவசாயக் கல்லூரி மாணவர்கள் யாராவது விரிவாக எழுத வேண்டிய விஷயம்.

புகழ் என்னவோ நைஜீரியாவுக்குத்தான் போனது. மட்பாண்டம் செய்யும் குடும்பத்தில் பிறந்து ஆசிரியர் ஆன முகமது பா அப்பா, 1990களில் ஜிகாவா மாநிலக் கிராமங்களில் பானைக்குள் பானை முறையைப் பரப்பினார். பெரிய பானைக்குள் சின்னப் பானை, நடுவில் ஈர மணல், மேலே ஈரத்துணி. மூன்று நாளில் கெட்டுப்போகும் கத்தரிக்காய் 27 நாள் தாங்கியது என்றும், ஒரே நாளில் வாடும் கீரை 12 நாள் தாங்கியது என்றும் அவருடைய சோதனைகள் காட்டின. 2000ஆம் ஆண்டில் ரோலக்ஸ் விருது கிடைத்தது. பானைகளைச் செய்தவர்கள் வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்த உள்ளூர்க் குயவர்கள். காய்கறி கெடுவதற்குள் விற்றாக வேண்டும் என்று தினமும் கூடையோடு அனுப்பப்பட்ட சிறுமிகள் பள்ளிக்கூடம் போக முடிந்தது என்பதுதான் இதில் பெரிய செய்தி. 2010இல் அவர் காலமானார்.

நம் நாட்டில் குஜராத்தின் வாங்கானேரைச் சேர்ந்த மன்சுக்பாய் பிரஜாபதியும் குயவர் குடும்பத்துக்காரர்தான். 2001 ஜனவரி பூகம்பத்தில் உடைந்துபோன பானையின் படத்தைப் போட்டு, ஏழையின் ஃப்ரிட்ஜ் உடைந்தது என்ற பொருளில் ஒரு பத்திரிகை எழுதியது. அதைப் பார்த்தவர், பானையையே ஏன் ஃப்ரிட்ஜாகச் செய்யக் கூடாது என்று யோசித்துச் சில வருடப் பரிசோதனைக்குப் பிறகு 'மிட்டிகூல்' என்ற களிமண் பெட்டியைச் செய்தார். மேல் அறையில் தண்ணீர், அது சுவர் வழியே கசிந்து இறங்கும், கீழ் அறையில் காய்கறியும் பாலும். கப்பல் ஏற்றுமதி வரை போன பொருள் அது.

சரி, ஜிகாவாவிலும் டெல்லியிலும் குஜராத்திலும் நடந்தது கும்மிடிப்பூண்டியில் நடக்குமா? இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. பானை ஃப்ரிட்ஜ் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் 27 நாள் கத்தரிக்காயோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

தண்ணீர் ஆவியாவதால் வரும் குளிர்ச்சிக்கு ஒரு எல்லை உண்டு. தெர்மாமீட்டரின் குமிழில் ஈரத்துணியைச் சுற்றிக் காற்றாட வைத்தால் அது காட்டும் அளவுதான் அந்த எல்லை. எந்தப் பானையும் அதற்குக் கீழே போகாது. காற்று உலர்ந்திருந்தால் எல்லை ரொம்பக் கீழே இருக்கும், புழுக்கமாக இருந்தால் மேலே வந்துவிடும். 40 டிகிரி வெயில், 30 சதவீத ஈரப்பதம் உள்ள ஒரு மதியத்தில் எல்லை சுமார் 26 டிகிரி. அதாவது 14 டிகிரி வரை இறங்க இடம் இருக்கிறது. 33 டிகிரி வெப்பமும் 75 சதவீத ஈரப்பதமும் உள்ள கடலோர மாலையில் எல்லை சுமார் 29 டிகிரி. வெறும் 4 டிகிரி! அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஒரு குழு ஆப்பிரிக்காவின் மாலி நாட்டில் இந்தப் பானைகளைச் சோதித்து 2018இல் வழிகாட்டி வெளியிட்டது. ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே உள்ள இடங்களில்தான் இவை நன்றாக வேலை செய்யும் என்பது அதன் சாரம்.

திருவள்ளூர் மாவட்டம் இந்த விஷயத்தில் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. மேற்கே திருத்தணி, பள்ளிப்பட்டுப் பக்கம் ஏப்ரல், மே மாதங்களில் காற்று உலர்ந்து வீசும். பானை அங்கே உற்சாகமாக வேலை செய்யும். கிழக்கே பொன்னேரி, பழவேற்காடு, கும்மிடிப்பூண்டி எல்லாம் கடற்காற்று வாங்கும் ஊர்கள். மதியம் கடற்காற்று திரும்பியதும் வேர்வையே காயாது, பானை எப்படிக் காயும்? கோடையில் மேற்குக் காற்று வலுத்துக் கடற்காற்று தாமதமாகும் நாட்களில் அங்கேயும் நல்ல பலன் உண்டு. மற்ற நாட்களில் சுமார்தான்.

புயல் காலம் இதைவிட மோசம். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது ஆயிரக்கணக்கில் மின்கம்பங்கள் சாய்ந்து, திருவள்ளூர் மாவட்டத்தின் பல ஊர்களில் நாள் கணக்கில் கரண்ட் இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையிலும் அதே கதை. ஃப்ரிட்ஜ் நீண்ட நேரம் நிற்பது இம்மாதிரி சமயங்களில்தான். அப்போது காற்றில் ஈரம் நிரம்பி வழியும், பானை குளிராது. டிசம்பரில் வெப்பமே 25 டிகிரியை ஒட்டி இருக்கும் என்பதால் காய்கறி கொஞ்சம் தாங்கும் என்பது மட்டும் ஆறுதல். ஆக, பானை புயலுக்கு உதவும் பொருள் இல்லை. 2012 மாதிரி கோடை மின்வெட்டுக்கு உதவும் பொருள்.

அதற்காகக் கடலோரத்தில் பானையே வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. காய்கறி வாடுவதற்குச் சூடு மட்டும் காரணம் இல்லை, அதன் தண்ணீர் வெளியே போய்விடுவதும் காரணம். ஈர மணல் சூழ்ந்த பானைக்குள் காற்று ஈரமாக இருப்பதால் நாலு டிகிரிதான் குறைந்தாலும் கீரையும் வெண்டைக்காயும் சுருங்காமல் நிற்கும். இன்னொன்று, கத்தரி, தக்காளி, வெண்டை மாதிரி வெயில் நாட்டுக் காய்கள் ஃப்ரிட்ஜின் 4, 5 டிகிரிக் குளிரைத் தாங்காது. தோலில் குழி விழும், ருசி போகும். அவற்றுக்குப் பானைதான் பொருத்தம். வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கை மட்டும் இதில் வைக்கக் கூடாது, முளைவிட்டோ அழுகியோ போகும். பால், மீன், கறிக்கு இந்தக் குளிர்ச்சி போதவே போதாது.

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் பீகார், ஒடிசாவிலிருந்து வந்த தொழிலாளர்கள் தகரக் கூரை போட்ட அறைகளில் நாலைந்து பேராகத் தங்குகிறார்கள். ஃப்ரிட்ஜ் வாங்கினாலும் ஊருக்குப் போகும்போது தூக்கிக்கொண்டு போக முடியாது. அந்த மாதிரி அறைக்கு ஒரு பானைக்குள் பானை நிச்சயம் உதவும், நிழலும் காற்றோட்டமும் உள்ள ஒரு மூலை கிடைத்தால். தகரக் கூரைக்கடியில் அந்த மூலை கிடைப்பதுதான் கஷ்டம். வாசலில் வைத்தால் ஈரத்துணியால் இறுக்கி மூட வேண்டும், மணலில் தண்ணீர் தேங்க விடக் கூடாது. இல்லாவிட்டால் கொசு முட்டையிடும். டெங்கு பயம் உள்ள மாவட்டம் இது.

சாயங்காலம் ஆனதும் மிச்சக் கீரையைப் பாதி விலைக்குத் தள்ளிவிடும் தெருவோர வியாபாரிக்குத்தான் இது எல்லோரையும் விட அதிகம் உதவும். பத்துக் கட்டுக் கீரை மறுநாள் காலை வரை நின்றால் அவருக்கு அது அன்றைய லாபம். ஜிகாவாவில் நடந்ததும் இதுதான்.

பானைக்குத் தண்ணீரும் வேண்டும். காலையும் மாலையும் ஒரு சொம்பு என்பது பெரிய அளவு இல்லை. ஆனால் 2019 கோடையில் பூண்டி, புழல், சோழவரம் ஏரிகள் வறண்டு, திருவள்ளூர் கிராமங்களின் விவசாயக் கிணற்றுத் தண்ணீர் சென்னைக் குடிநீருக்காகப் போனபோது அந்த ஒரு சொம்பும் யோசித்துத்தான் ஊற்ற வேண்டியிருந்தது.

மண் கதை தனி. பானை செய்யத் தேவையான களிமண் ஏரிகளில் இருக்கிறது, திருவள்ளூர் மாவட்டத்தில் ஏரிக்குப் பஞ்சம் இல்லை. ஆனால் மண் எடுக்க அனுமதி வாங்குவது மண்பாண்டத் தொழிலாளர்களின் பல வருடத் தலைவலி. வீடு கட்டக் கிராவல் அள்ளும் லாரிக்கும், சைக்கிளில் ஒரு மூட்டை களிமண் எடுத்துப் போகும் குயவருக்கும் ஒரே சட்டம். 2017இல் தமிழக அரசு விதியைத் திருத்தி, ஏரி வண்டல் மண்ணையும் களிமண்ணையும் விவசாயத்துக்கும் மண்பாண்டத்துக்கும் கட்டணம் இல்லாமல் எடுக்க வழி செய்தது. 2024இல் அந்த அனுமதியைத் தாசில்தாரே கொடுக்கலாம் என்று ஆனது. சென்னையின் கோசப்பேட்டை, பெயரிலேயே குயவர்பேட்டை. விநாயகர் சதுர்த்திக்குப் பொம்மையும் கார்த்திகைக்கு அகலும் செய்து வருடத்தை ஓட்டும் அந்தத் தெருக்காரர்கள், ஒன்றுக்குள் ஒன்று சரியாகப் பொருந்தும் இரண்டு பானைகளையும் ஒரு மூடியையும் கேட்டால் செய்து தரக்கூடியவர்கள். மெருகு பூச வேண்டாம், பெயின்ட் அடிக்க வேண்டாம் என்று மட்டும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.